லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் அதற்குப் பதில் எதைப் போடுவது?

2017-ல் வாங்கிய லேப்டாப், உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், கொஞ்ச நாளாக டிக் டிக் என்று சத்தம், விண்டோஸ் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது என்கிறீர்கள். கடைக்காரர் "அதே மாதிரி 1 டிபி புதுசு போட்டுடலாம்" என்கிறார். போடலாமா, எந்தக் கம்பெனி நல்லது என்பது உங்கள் கேள்வி.

அதே மாதிரி போட வேண்டாம். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க், சாட்டா என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் இணைப்பு முறை. கம்பெனியை அப்புறம் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சத்தம் போடும் டிஸ்க் எந்த நிமிஷமும் நிற்கலாம். போட்டோ, சான்றிதழ், கணக்கு வழக்கு என்று திரும்பக் கிடைக்காததை எல்லாம் இன்றைக்கே வெளியே காப்பி செய்யுங்கள். சினிமாவெல்லாம் கடைசியில். டிஃப்ராக், செக் டிஸ்க் போன்ற விண்டோஸின் டிஸ்க் பராமரிப்புக் கருவிகள் எதையும் ஓட்டாதீர்கள். தள்ளாடுகிற டிஸ்க்கை அவை இன்னும் அலைக்கழிக்கும். சந்தேகம் இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, C5 என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்களின், அதாவது தகவல் பதியும் சின்னக் கட்டங்களின், கணக்கு. இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருப்பவற்றின் கணக்கு. C5 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று பொருள்.

சரி, ஏன் ஹார்ட் டிஸ்க் வேண்டாம்? லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தகவல் பதிந்த தட்டு சுழலும், பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தகவல், அதைப் படிக்கும் ஊசிமுனைக்கு வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதோடு ஊசி நகரும் நேரமும் சேரும். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும்போது ஒரு செகண்டுக்கு நூறு துண்டுகூடத் தேறாது. விண்டோஸ் திறக்கும்போது நடப்பது இதே வேலைதான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்து நிற்பதும் இதனால்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இதே வேலையில் செகண்டுக்குப் பல்லாயிரம் துண்டுகளைப் படித்துவிடும். இங்கே ராம் கூட்டியோ, பிராசஸரைக் குறை சொல்லியோ பெரிய பயன் கிடையாது.

புது ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இப்போது வரும் மெல்லிய 1 டிபி, 2 டிபி லேப்டாப் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரை போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் மேலே படிந்திருப்பவற்றையும் சேர்த்து எழுதியாக வேண்டும். படிப்பதில் தொந்தரவில்லை, அப்டேட் இறங்கும்போது லேப்டாப் மூச்சு திணறும். ஹார்ட் டிஸ்க் செய்வதே உலகத்தில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்று கம்பெனிகள்தான். எந்தெந்த மாடல் எஸ்எம்ஆர் என்பதை அவை வெளிப்படையாகச் சொன்னதே 2020-ல் பயனர்கள் சத்தம் போட்ட பிறகுதான். ஆகவே இதில் எந்தக் கம்பெனி நல்லது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பொருத்தம். உங்களிடம் இருப்பது 2.5 அங்குல டிஸ்க்காகத்தான் இருக்கும். சாட்டா எஸ்எஸ்டியும் அதே அளவு, அதே கனெக்டர், அதே திருகுத் துளைகள். பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மி.மீ., எஸ்எஸ்டி 7 மி.மீ. என்றால் கொஞ்சம் ஆடும். சில எஸ்எஸ்டிகளின் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகிவிடும். பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தையும் ரிப்பன் கேபிளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். கேபிள் கிழிந்தால் அந்த மாடலுக்கென்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

"எம் டாட் டூ ஸ்லாட் இருக்கு, அதுல என்விஎம்இ போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எம்.2 என்பது குச்சி போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம், என்விஎம்இ என்பது சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை. அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில் சில எம்.2 ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும்தான் ஏற்கும். என்விஎம்இ உள்ளே கச்சிதமாக உட்காரும், ஆனால் லேப்டாப்பை முதலில் எழுப்பும் பயோஸ் அதைக் கண்டுகொள்ளாது. சிலதில் நீங்கள் ஸ்லாட் என்று நினைப்பது வைஃபை கார்டுக்கான இடமாக இருக்கும். லெனோவா, எச்பி, டெல் மூன்றும் தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் மேனுவலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஐந்து நிமிஷம் அதைப் புரட்டினால் சாட்டாவா என்விஎம்இயா, அளவு 2242-ஆ (42 மி.மீ. நீளம்) 2280-ஆ (80 மி.மீ. நீளம்) என்று தெரிந்துவிடும். என்விஎம்இ ஏற்கும் என்று உறுதியானால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் பிரவுசர், எக்செல், ஜூம் என்று போகும் பிழைப்பில் செகண்டுக்கு 550 எம்பி வேகத்துக்கும் 3500 எம்பி வேகத்துக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கம்பெனிக்கு வருகிறேன். பட்ஜெட் இடம் கொடுத்தால் சாம்சங் 870 ஈவோ, குரூஷியல் எம்எக்ஸ்500 போன்றவை. இரண்டிலும் டிஎல்சி மெமரி (ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது), தனி டிராம் (எது எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைக்கும் வேக மெமரி), ஐந்து வருஷ வாரண்டி. கையைக் கடித்தால் குரூஷியல் பிஎக்ஸ்500 போல டிராம் இல்லாத ஒன்று, மூன்று வருஷ வாரண்டியோடு. அதுவும் உங்கள் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டால் குதிரைதான். பெயரே கேள்விப்படாத பிராண்ட், பாதி விலையில் 2 டிபி என்று வந்தால் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு சந்தையில் நிறைய. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கும் உண்டு. 870 ஈவோவின் 500 ஜிபி மாடலில் மொத்தம் 300 டிபி வரை எழுதலாம் என்பது கம்பெனி தரும் கணக்கு. தினம் 20 ஜிபி எழுதினாலும் 40 வருஷம் தாண்டும். தேய்வதைவிட, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் சட்டென்று செத்துவிடுவதுதான் எஸ்எஸ்டியின் கெட்ட குணம். ஹார்ட் டிஸ்க்காவது டிக் டிக் என்று சொல்லிவிட்டுப் போகும். அதனால் பேக்கப் இல்லாமல் இருக்காதீர்கள். பெரிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்று அதற்குப் போதும். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் மரியாதை இருக்கிற இடம் அதுதான்.

கெட்டுப்போகிற டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுப் பிரதி எடுக்க, முயல வேண்டாம், பாதியில் நின்றுவிடலாம். விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது என்பதால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 2017 லேப்டாப்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட், அதைப் போட்டுப் பார்க்க இது நல்ல சந்தர்ப்பம்.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அதில் கிடக்கும். யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற சபலமும் வேண்டாம். உடைப்பதென்றால் பழந்துணியில் நன்றாகச் சுற்றிய பிறகு சுத்தியலை எடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பல மாடல்களில் கண்ணாடி.