மகள் சிவில் படிக்கட்டும். முதலில் கல்லூரி ஆய்வகத்தைப் பாருங்கள்

வணக்கம் அம்மா.

மகள் பொறியியலில் சிவில் பிரிவுதான் வேண்டும் என்கிறாள், உறவினர்களோ கம்ப்யூட்டர் எடுக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். “சித்தாள்களோடு வெயிலில் நிற்கவா இவ்வளவு படிக்க வைத்தேன்?” என்று கேட்டிருக்கிறீர்களே, உங்கள் கலக்கம் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது.

நிற்கத்தான் வேண்டும் அம்மா. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சைட்டில் நிற்காதவருக்கு இந்தத் தொழில் பிடிபடாது. அங்கே அவளுக்கு என்ன வேலை? கான்கிரீட் வந்து இறங்கியதும், 15 செ.மீ. இரும்பு அச்சில் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்துவார்கள். மறுநாள் அச்சைக் கழற்றிக் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். எம்25 கலவை என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மேஸ்திரி முகம் சுளித்தாலும், ஒப்பந்ததாரர் அவசரப்படுத்தினாலும், வேலையை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக வந்த தொழிலாளர்கள். அந்தச் செய்தியை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவு, கம்ப்யூட்டர் துறைக்குப் போன தோழியோடு ஒப்பிட்டால் மனம் வாடும். அனுபவம் சேரச் சேரத்தான் உயரும். பல சைட்டுகளில் பெண்களுக்கு ஒழுங்கான கழிவறைகூட இல்லை. 1996-ஆம் ஆண்டிலேயே கட்டடத் தொழிலாளர் சட்டம் அதைக் கட்டாயமாக்கியும் இந்த நிலை என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். நேர்முகத் தேர்வில் அவள் இதைக் கூச்சப்படாமல் கேட்கட்டும்.

வேலை இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டுமே 100 கிலோமீட்டருக்கும் மேல். ஆற்று மணல் அருகி, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்துவிட்டதால், தரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். வேலை சொல்லுமளவு இந்தி தெரிந்தால் நல்லது. கணினியில் கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேடோடு ரெவிட் மென்பொருளும், அளவெடுத்து எஸ்டிமேட் போடவும் பில் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டால், பின்னாளில் அலுவலக வேலைக்கு மாறவும் வழி உண்டு. அரசு வேலை ஆசை இருந்தால் டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணித் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் அதை மட்டுமே நம்பிப் பல ஆண்டுகள் வீட்டில் காத்திருக்க விடாதீர்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவதற்கு முன், நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரிகளுக்கு மகளோடு நேரில் போங்கள். கான்கிரீட் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, அதில் மாணவர்கள் தேதி எழுதிப் போட்ட கட்டிகள் கிடக்கின்றனவா, நசுக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்று பாருங்கள். இயந்திரம் தூசி படிந்து நின்றால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கல்லூரியைப் பட்டியலின் கீழே தள்ளுங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். வரிசையை நாம் சேர்ந்தே முடிவு செய்யலாம்.