கேள்விக்குறிக்கு மேற்கோள் போடாதீர்கள்

பெரம்பூர் வாசகர்: பயிற்சி மையம் ஒன்றுக்கு பிஹெச்பியில் பதிவுப் பக்கம் செய்தேன். டி'குரூஸ் என்ற மாணவிக்கு மட்டும் பிழை வருகிறது. மேற்கோளுக்கு முன் பின்சாய்வுக் கோடு போட்டு எஸ்கேப் செய்தால் போதாதா?

பெரம்பூரில் இந்தப் பிழை முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருக்கும் ஊராயிற்றே! பெயருக்கு நடுவே உள்ள ஒற்றை மேற்கோளைப் பார்த்ததும் ஸ்டிரிங் முடிந்துவிட்டதென்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் தற்செயலாகச் செய்ததை வேறொருவர் வேண்டுமென்றே செய்தால், எல்லா மாணவர்களின் விவரமும் அவர் கையில். எஸ்கேப் செய்யலாம்தான்; ஆனால் ஐம்பது இடத்தில் நினைவாகச் செய்துவிட்டு ஓர் இடத்தில் மறப்பீர்கள். தவிர, மேற்கோளே இல்லாமல் ஒட்டிய எண்ணை அது காப்பாற்றாது. அதற்குப் பதில் பிரிப்பேர் செய்யுங்கள். பிரிப்பேர் என்றால், குவரியின், அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையின், வடிவத்தைக் கேள்விக்குறிகளோடு முதலில் கொடுத்துவிட்டு, எக்ஸிகியூட்டில் மதிப்புகளைத் தனியே தருவது. பெயரில் என்ன இருந்தாலும் அது பெயராகவே போகும், கட்டளையாகாது. பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களைப் பார்த்துப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். 2015-இல் வந்த பிஹெச்பி 7-இலேயே அவற்றை நீக்கிவிட்டார்கள். டேட்டாபேஸோடு பேச பிஹெச்பியிலேயே இருக்கும் பிடிஓவுக்கு மாறுங்கள்.

காசிமேடு வாசகர்: மீன் விலைப் பட்டியலில் 'வஞ்சிரம்' என்று தேடினால் பாராமீட்டர் எண்ணிக்கை தவறு என்கிறது. லைக் '%?%' என்றுதானே எழுதியிருக்கிறேன்?

மேற்கோளுக்குள் போன கேள்விக்குறி வெறும் எழுத்து. லைக் ? என்று மட்டும் விட்டு, இரண்டு சதவீதக் குறிகளையும் வஞ்சிரத்தோடு சேர்த்து மதிப்பாக அனுப்புங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகர்: ஜவுளிக்கடைத் தளத்தில் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை-க்குப் பின் கேள்விக்குறி வைத்து, டேபிளில் உள்ள விலைப் பத்தியின் பெயரை அனுப்புகிறேன். பிழையும் இல்லை, வரிசையும் இல்லை.

பிழை வந்திருந்தால் உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும். பத்தியின் பெயர், டேபிளின் பெயர் இரண்டும் குவரியின் எலும்பு. கேள்விக்குறி வழியே போகாது. நீங்கள் அனுப்பியது வெறும் ஸ்டிரிங்காகப் போய்ச் சேர்கிறது. எல்லா வரிக்கும் அதே ஸ்டிரிங் என்றால் எதை வைத்து வரிசைப்படுத்தும்? அனுமதித்த பத்திப் பெயர்களை ஓர் அரேயில் எழுதிவையுங்கள். வருவது அதில் இருந்தால் மட்டும் குவரியில் சேருங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: இருபது வரி மட்டும் வர லிமிட் ? என்று எழுதி 20 அனுப்பினால் பிழை.

எக்ஸிகியூட்டுக்கு அரேயாகக் கொடுத்தால் பிடிஓ எல்லாவற்றையும் ஸ்டிரிங்காகவே கொள்ளும். மைஎஸ்கியூஎல்லுக்கு எமுலேஷன், அதாவது மதிப்புகளைப் பிடிஓவே குவரியில் ஒட்டி அனுப்பும் முறை, இயல்பாகவே இயங்குவதால், 20 மேற்கோளோடு போய் நிற்கிறது. பைண்ட்வேல்யூவில் முழு எண் என்று சொல்லி அனுப்புங்கள். நானாக இருந்தால் கனெக்ஷன் எழுதும்போதே எமுலேஷனையும் அணைத்துவிடுவேன்.