சுட்ட இடத்தில் எந்த எண்ணெய்?

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி எண்ணெயில்தான் வந்து நிற்கும். தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா, வேப்பெண்ணெயா, இப்போது புதிதாக லாவெண்டரா என்று. தீக்காய வார்டில் கட்டு மாற்றியே பல வருடம் ஓட்டியவன் நான். எந்த எண்ணெய் என்று கேட்பவர்கள் எப்போது தடவ வேண்டும் என்று கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வடை தட்டிப் போடும்போது எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டுவிட்டது. மாமியார் ஓடி வந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், எரிச்சலும் குறைந்தது. நர்சிங் படிக்கும் என் தங்கை, தடவவே கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி? (ஈரோடு வாசகி)

தங்கை சொல்வதுதான் சரி. நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

வடைச்சட்டி எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். தண்ணீர் போல வழிந்து ஓடாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கையை எடுத்த பிறகும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும், சோற்றுப் பானையை இறக்கி வைத்த பின்னும் உள்ளே சோறு வெந்துகொண்டிருக்குமே, அது மாதிரி. அந்த நேரத்தில் மேலே எண்ணெய் பூசினால் பானைக்கு மூடி போட்ட கதைதான். முதலில் சூட்டை வெளியே எடுக்க வேண்டும், அதற்குக் குழாய்த் தண்ணீரை விட்டால் வேறு மருந்து கிடையாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டு ‘நிறைய நேரம் காட்டினேன் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். உடனே முடியாமல் போனாலும் பரவாயில்லை, சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக்குழாயைச் சுருக்கி ஏற்கெனவே அடிபட்ட தோலை இன்னும் கெடுக்கும். தண்ணீரில் காட்டும்போதே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்த பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் தடவியதும் எரிச்சல் குறைந்தது நிஜம்தான். காற்று படாமல் மூடியதால் நரம்பு நுனிகள் கொஞ்சம் அடங்கின, அவ்வளவே. தண்ணீரில் காட்டிவிட்டுச் சுத்தமான துணியாலோ சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ மூடினால் (இறுக்கிச் சுற்றாமல், மேலே படர விட்டு) அதே சுகம் கிடைக்கும்.

இன்னொன்று, வீட்டு எண்ணெய் பாட்டிலுக்குள் எத்தனை ஈர விரல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் இந்தத் தோசை மாவு, பேனா மை, பல்பசை, முட்டை வெள்ளைக்கரு. முழங்கை வரை தோசை மாவு காய்ந்து பொருக்காகிப்போன கையோடு ஒருவர் இரவில் வந்தார், அதை ஊறவைத்து எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. காயம் கொடுத்த வலியைவிட அந்த மாவை எடுக்கும்போது அவர் பட்ட வலிதான் அதிகம். மஞ்சளும் மையும் இன்னும் மோசம். காயம் எவ்வளவு ஆழம் என்பதை நாங்கள் நிறத்தை வைத்துத்தான் கணிப்போம்: இளஞ்சிவப்பா, வெளுத்திருக்கிறதா, அழுத்தி விட்டால் சிவப்பு திரும்புகிறதா என்று. மஞ்சள் பூசிக் கொண்டுவந்தால் எல்லாமே மஞ்சள்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா சுண்ணாம்புத் தெளிநீரையும் தேங்காய் எண்ணெயையும் சேர்த்துக் கலக்கி, வெண்ணெய் போல வந்ததும் தீப்புண்ணுக்குப் போடுவார். ஊரே எங்கள் வீட்டுக்கு வரும். அதிலும் உண்மை இல்லையா? (கும்பகோணம் வாசகர்)

உங்கள் தாத்தா சாமானியப்பட்டவர் இல்லை. இதே மருந்து ஸ்காட்லாந்திலும் இருந்தது. அங்கே காரன் என்ற ஊரில் ஒரு பெரிய இரும்பு உருக்கு ஆலை, 1759-இல் தொடங்கியது. வெந்த இரும்போடு மல்லுக்கட்டும் தொழிலாளர்களுக்கு அங்கே சுண்ணாம்புத் தெளிநீரும் ஆளிவிதை எண்ணெயும் சரிபாதி கலந்து போடுவார்கள். ‘காரன் ஆயில்’ என்றே அதற்குப் பெயர் வந்து, மருத்துவப் புத்தகங்களில் ரொம்ப காலம் இருந்தது. தாத்தா கையில் அது ஏன் வெண்ணெயாகத் திரண்டது என்றால், சுண்ணாம்பும் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலமும் சேர்ந்து ஒரு வகை சோப்பு உருவாகும், அது தண்ணீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது நல்ல மருந்துதான், வலி குறையும், துணி ஒட்டாது.

ஆனால் மருத்துவமனைகள் அதைக் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. கிருமி நீக்காத எண்ணெய்க் கட்டுக்கு அடியில் சீழ் பிடிக்கும். தெளிநீரே நல்ல காரம், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். தாத்தா ராத்திரி முழுக்கத் தெளியவைத்து மேலாக இறுத்திருப்பார், இன்று வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து அவசரத்தில் ஊற்றினால் கலங்கலோடு போகும், சுட்ட இடத்தில் சுண்ணாம்பு இன்னொரு முறை சுடும். பக்கத்தில் குழந்தை இருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. தாத்தாவின் பக்குவத்தை எழுதி வையுங்கள், தடவ வேண்டாம்.

கேள்வி: லாவெண்டர் எண்ணெய் தீக்காயத்தை ஆற்றும் என்று ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியே கண்டுபிடித்தாராமே. நேரடியாக இரண்டு சொட்டு விடலாமா? (பெங்களூரு வாசகர்)

அந்தக் கதை பாதி உண்மை. கட்ஃபோசே என்ற வேதியியலாளர், 1910-இல் ஆய்வகத்தில் வெடி விபத்து. கை எரிந்ததும் பக்கத்திலிருந்த லாவெண்டர் தொட்டிக்குள் கையை முக்கினார், தழும்பில்லாமல் ஆறியது என்று சொல்வார்கள். 1937-இல் அவரே எழுதிய புத்தகத்தில் அப்படி இல்லை. காயத்தில் வாயு அழுகல் (கிருமி தசைக்குள் வாயுவை உண்டாக்கி அழுகவைப்பது) வந்துவிட்டது, அதற்குத்தான் லாவெண்டர் கொண்டு கழுவினேன் என்கிறார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம், கிருமியை எதிர்க்க ஏதோ ஒன்று தேவைப்பட்டது, இருந்ததைப் போட்டார். இன்று அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. வாசனை எண்ணெய்கள் செறிவு அதிகமானவை, திறந்த புண்ணில் நேராக விட்டால் எரியும், சிலருக்கு ஒவ்வாமை வந்து சுற்றிலும் தடித்துப்போகும். டீ ட்ரீ எண்ணெய்க்கும் இதே பதில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டிலைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் விஷம்.

கேள்வி: பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டு, எலுமிச்சை அளவு கொப்புளம். குத்தி நீரை எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் போடலாமா? (மதுரை வாசகர்)

குத்தாதீர்கள். கொப்புளத்தின் மேல்தோல் உங்கள் உடம்பே போட்ட கட்டு, அதைவிடச் சுத்தமான கட்டை நான் போட முடியாது. எலுமிச்சை அளவு என்கிறீர்கள், அதை மருத்துவமனையில் காட்டுங்கள். எடுக்க வேண்டியிருந்தால் அவர்கள் முறையாக எடுப்பார்கள். சைலன்சர் சூடு பார்ப்பதற்குச் சின்ன வட்டமாக இருந்தாலும் ஆழமாக இறங்கும் ரகம், மூன்று வாரம் ஆகியும் மூடாத சைலன்சர் புண்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் தோட்டத்துக்குப் போகட்டும்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்தி மேல் டீ கொட்டிவிட்டது. மார்பும் ஒரு கையும் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் மத்தன் தைலம் தருகிறார்கள், போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

இதற்கு நான் அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன், குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். மற்றவர்களுக்காக இங்கே. மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு மூன்றும் சேர்ந்தது. துருசு என்றால் செம்பு உப்பு. ஆறாத நாள்பட்ட புண்ணுக்குச் சித்த மருத்துவர் பார்த்துத் தரும் மருந்து அது. தோல் உரிந்த இடம் பஞ்சு மாதிரி, போட்டதெல்லாம் ரத்தத்துக்குப் போகும், செம்பும் ஊமத்தையும் ஒரு பத்து கிலோ உடம்புக்குள் போவதை நான் விரும்பவில்லை.

குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஐந்து உள்ளங்கை, பெரியவர்களுக்குப் பத்து என்று வந்தால் கேள்வியே இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மர்ம இடம், கரண்ட் சூடு, அமிலம் என்றால் அளவே பார்க்க வேண்டாம். தண்ணீர் காட்டும்போது காயத்தை மட்டும் குளிர்விக்க வேண்டும், குழந்தையை அல்ல. மற்ற இடத்தைத் துண்டால் போர்த்தி வையுங்கள், சின்ன உடம்பு சட்டென்று சில்லிட்டுப்போகும்.

கேள்வி: எண்ணெய் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். வாழை இலை, தேன், கற்றாழை இவையாவது? (தஞ்சாவூர் வாசகி)

இவற்றில் எனக்குச் சண்டை குறைவு. வாழை இலையில் நானே நோயாளிகளைப் படுக்கவைத்திருக்கிறேன். மெழுகுப் பூச்சு இருப்பதால் புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி, கட்டு மாற்றும்போது அலறல் இல்லை. மும்பையிலும் கிருமி நீக்கிய வாழை இலைக் கட்டை முறையாகச் சோதித்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் கட்டுக்கு இணையாக இருந்தது. ஆமாம், உருளைக்கிழங்குத் தோல், அதுவும் மும்பை கண்டுபிடிப்புதான். ஆனால் அந்த இலை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில், வெந்து வந்தது, கொல்லையில் அறுத்து வேட்டியில் துடைத்தது அல்ல.

தேனுக்கு இன்னும் பலமான சாட்சி உண்டு. சோலாப்பூரில் சுப்ரமணியம் என்ற அறுவை மருத்துவர் 104 பேரிடம் தேனையும் வழக்கமான வெள்ளி சேர்ந்த களிம்பையும் ஒப்பிட்டு 1991-இல் எழுதினார், தேன் முந்தியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பும், மேலோட்டமான தீக்காயத்தைச் சாதாரணக் கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்பாகத் தேன் ஆற்றுகிறது என்றே சொல்கிறது. மருந்துக்கடையில் காயத்துக்கென்றே கிருமி நீக்கிய தேன் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கற்றாழை, தோல் உரியாத வெறும் சிவப்புக்கு நல்லது. வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அது அரிக்கும்.

தேங்காய் எண்ணெயை நான் ஒதுக்கவில்லை. எலிகளிடம் செய்த ஒரு இந்திய ஆய்வில், 2008-இல் வந்தது, தேங்காய் எண்ணெய் போட்ட காயம் விரைவாகச் சுருங்கியது. எலிக்கு. அடுத்த கேள்விக்கு வாருங்கள், தேங்காய் எண்ணெய்க்கு அங்கே இடம் இருக்கிறது.

கேள்வி: குக்கர் ஆவியில் வெந்த கை ஆறி இரண்டு மாதம். தோல் காகிதம் மாதிரி வறண்டு, இரவில் அரிப்பு தாங்கவில்லை. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினால் தழும்பு போகுமா? (கோயம்புத்தூர் வாசகி)

வைட்டமின் ஈ வேண்டாம். 1999-இல் அமெரிக்காவில் அறுவைத் தழும்பின் ஒரு பாதிக்கு அதையும் மறு பாதிக்குச் சாதாரணக் களிம்பையும் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பலனே இல்லை அல்லது தழும்பு மோசமானது, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வேறு.

இப்போதுதான் எண்ணெயின் நேரம். வெந்த தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் போய்விடும், புதிய தோல் தனக்கு வேண்டிய பசையைத் தானே சுரக்காது, அதனால்தான் அந்த வறட்சியும் அரிப்பும். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயை, குளித்து ஈரம் ஒற்றியதும், பிறகு ராத்திரி படுக்கும்முன், கட்டைவிரலால் மெதுவாக வட்டம் போட்டு, அழுத்தும்போது தழும்பு வெளுக்கும் அளவுக்கு, ஐந்து நிமிடம் தேய்த்துவிடுங்கள். எங்காவது துளி புண் மிச்சமிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். நல்லெண்ணெயும் ஆகும், துணிதான் பாழாகும். வெயிலில் போனால் ஒரு வருடத்துக்குக் கை மூடிய சட்டை, இல்லாவிட்டால் கருத்துவிடும். தழும்பு கயிறு மாதிரி எழும்பினாலோ விரல் மடங்க மறுத்தாலோ எண்ணெயை நம்பி உட்காராதீர்கள், அதற்குச் சிலிகான் ஷீட், இறுக்கமான கையுறை, பயிற்சி எல்லாம் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. கால் வலிக்கிறது என்று வெந்நீரில் வைத்திருக்கிறார், பாதம் வெளுத்துத் தோல் சுருங்கிப்போயிருக்கிறது. வலியே இல்லை என்பதால் நல்லெண்ணெய் தடவுகிறோம். ஐந்து நாள் ஆகிறது. (சேலம் வாசகர்)

வலி இல்லை என்பதுதான் இதில் பயமே. சர்க்கரையால் நரம்பு மரத்திருக்கலாம், ஆழமாக வெந்து நரம்பே போயிருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எண்ணெயை நிறுத்துங்கள், தேய்த்துக் கழுவ வேண்டாம், சுத்தமான துணியால் மூடி, நடக்கவிடாமல் இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.