பூர்வகுடிகள் மீதான காழ்ப்பை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

கே (சேலம்): "பூர்வகுடிகளைப் பிடிக்காதா?" என்று நேராகக் கேட்டால் எவர் உண்மை சொல்வார்?

ப: சொல்ல மாட்டார். அதனால்தான் கனடாவில் மெலனி மோரிசன், டாட் மோரிசன் குழுவினர் 2008இல் இரண்டு தனி அளவுகோல்களை, அதாவது 'ஒத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும் வாக்கியத் தொகுப்புகளை, முன்வைத்தார்கள். "அவர்களுக்கு மூளை கம்மி" என்கிற ரகம் பழைய பாணிக் காழ்ப்பு. "சலுகை அதிகம், இன்னும் பழங்கதையே பேசுகிறார்கள்" என்பது புதிய பாணி. முதலாவதற்குத் தலையாட்டக் கூச்சப்படுகிறவர்களில் பலர் இரண்டாவதை ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

கே (திருச்சி): அரசியல் சார்போடு இதற்குத் தொடர்பு உண்டா?

ப: உண்டு. மனிடோபா பல்கலைக்கழகத்தின் பாப் ஆல்டிமேயர் 1981இல் தந்த அதிகாரப் பணிவு அளவுகோல் (அதிகாரத்துக்கு அடங்கிப்போகும் மனப்போக்கை அளப்பது) ஒன்று. "சில கூட்டம் மேலே, சில கூட்டம் கீழே இருப்பதே சரி" என்ற எண்ணத்தை அளக்க 1994இல் பிராட்டோ, சிடானியஸ் குழு தந்தது இன்னொன்று. இவற்றில் மதிப்பெண் கூடினால் பொதுவாகக் காழ்ப்பும் கூடவே ஏறுகிறது. வலதுசாரிச் சார்பும் அதே திசையில்தான்.

கே (அதே திருச்சிக்காரர்): யாருக்கும் எந்தச் சலுகையும் வேண்டாம் என்பவரையும் அந்தப் புதிய பாணி அளவுகோல் இனவெறியர் ஆக்கிவிடாதா?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். "பூர்வகுடிகளுக்கு வரிவிலக்கு கூடாது" என்று ஒரு கேள்வி வைத்தால், வரிவிலக்கையே எதிர்ப்பவரும் 'ஆம்' என்பார். அந்த மதிப்பெண்ணை வலதுசாரிச் சார்போடு ஒப்பிட்டால் ஒரே சரக்கை இரண்டு தராசில் நிறுத்த கதைதான். அதனால் விவசாயிகளுக்கு, தொழிற்சாலைகளுக்கு என்று அதே கேள்வியை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பூர்வகுடி என்றதும் மட்டும் கை இறுகுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் 'இது வெறும் சலுகை எதிர்ப்புதான்' என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்த விடுதிப் பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களில்தான். அதைப் "பழங்கதை" என்பதற்கும் வரிக் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்?

கே (நெல்லை): கணினிச் சோதனையில் மனதுக்குள் இருப்பதையே பிடிக்கலாமாமே?

ப: முகத்தையும் சொல்லையும் எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறோம் என்று பார்க்கும் சோதனை அது. ஆஸ்திரேலியாவில் 11,000க்கும் அதிகமானோரின் தரவை வைத்து 2020இல் வந்த ஆய்வு, நான்கில் மூன்று பேரிடம் பூர்வகுடிகளுக்கு எதிரான சாய்வு தெரிவதாகச் சொன்னது. இடதுசாரிகளும் தப்பவில்லை. ஆனால் ஆய்வில் இருந்த எல்லோருமே தாமாக வந்து சோதனை செய்துகொண்டவர்கள். நாட்டுக்கே பொருத்திவிட முடியாது. ஒரு தனிமனிதருக்கு முத்திரை குத்த இந்தச் சோதனை அறவே உதவாது.

கே (கோவை): இருளர்கள் குறித்து ஆய்வு செய்கிறேன். கனடாக் கேள்விகளையே எடுத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். அவை அந்நாட்டில் பூர்வகுடிகளோடு போட்ட ஒப்பந்தங்கள், விடுதிப் பள்ளிகளை ஒட்டி எழுந்தவை. இங்கே இடஒதுக்கீடு, வன உரிமைச் சட்டம் (2006), சாதிச் சான்றிதழ் என்று பிரச்சினையே வேறு. சான்றிதழுக்கு அலைந்த இருளர் குடும்பங்களிடம் முதலில் பேசுங்கள். அலுவலகத்திலும் பள்ளியிலும் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதிலிருந்து வாக்கியங்களை எடுங்கள். பாதி வாக்கியங்களைத் தலைகீழாகவும், அதாவது 'ஆம்' என்றால் காழ்ப்பு இல்லை என்று பொருள்படும்படி, வையுங்கள். எதற்கும் 'ஆமாம்' போடுகிறவர்கள் நம்மூரில் நிறைய.