பையெஸ்டேவா சிகரம்: பெயரை மாற்றியது சரியா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்குள்ள பாலைவனச் சிகரத்தை அண்டை வீட்டு முதியவர் ‘ஸ்குவா பீக்’ என்கிறார். பலகையிலோ ‘பையெஸ்டேவா பீக்’ என்றிருக்கிறது. ஸ்குவா என்றால் பெண் என்றுதானே பொருள்? காலங்காலமாக வழங்கிய பெயரை ஒரு போரின் பொருட்டு மாற்றியது முறையா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றியது சரி என்பதே என் உறுதியான கருத்து. கிழக்குக் கரையோரத்துப் பூர்வகுடிகளின் அல்கோன்கியன் மொழிகளில் அச்சொல் பெண்ணைக் குறித்தது உண்மைதான். ஆனால் வெள்ளைக் குடியேறிகளின் வாயில் அது பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் வசையாயிற்று. அந்த வசையைக் கேட்டே வளர்ந்த ஒரு பெண், அதையே மலையின் பெயராகவும் நெடுஞ்சாலையின் பெயராகவும் நாள்தோறும் படிக்க நேர்ந்தால், சொல்லின் மூலப்பொருள் அவருக்கு என்ன ஆறுதல் தரும்?

போருக்காக மட்டும் மாற்றவில்லை. 1990களிலேயே நவஹோ என்ற பூர்வகுடி இனத்தவரான சட்டமன்ற உறுப்பினர் ஜாக் ஜாக்சன் இதற்காக மசோதா கொண்டுவந்தும் பலனில்லை. 2003 மார்ச் 23 அன்று இராக்கின் நசிரியாவில் வழிதவறிய இராணுவ வாகன வரிசை தாக்கப்பட்டபோது, அதில் ஒரு வண்டியை ஓட்டிச் சென்ற லோரி பையெஸ்டேவா படுகாயமுற்று இறந்தார். ஹோபி இனத்தவர், வயது 23, இரு குழந்தைகளின் தாய். அமெரிக்கப் படையில் போரில் உயிரிழந்த முதல் பூர்வகுடிப் பெண் அவரே. ஆளுநர் ஜேனட் நெபொலிடானோ வற்புறுத்த, மாநிலப் பெயர் வாரியம் அடுத்த மாதமே அவர் பெயரைச் சூட்டியது. இறந்தவர் பெயரை இடத்துக்கு வைக்க ஐந்தாண்டுகள் பொறுக்க வேண்டும் என்பது விதி. கூட்டாட்சி அரசின் பெயர் வாரியம் அவ்வாறே காத்திருந்து 2008 ஏப்ரலில்தான் ஒப்புதல் அளித்தது. மாநிலத்தின் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. வசையை ஆதரித்துப் பேசவேண்டிய சங்கடம் பெயர்மாற்ற எதிர்ப்பாளர்களுக்கு நீங்கி, விதிமீறலை மட்டுமே பேசிக்கொண்டிருக்க வழி பிறந்துவிட்டது. வசையை நீக்குவதற்கு ஒரு வீரமரணம் தேவையே இல்லை. 2022இல் அப்போதைய அமெரிக்க உள்துறை அமைச்சர் டெப் ஹாலண்டின் ஆணைப்படி ஏறத்தாழ 650 இடப்பெயர்களிலிருந்து அச்சொல் அகற்றப்பட்டதே அதற்குச் சான்று.

என் மனக்குறை வேறொன்று. ஹோபிகளின் ஊர்கள் வெகுதொலைவில், வடக்கே உள்ள மேட்டுநிலங்களில் இருக்கின்றன. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஆற்றுநீரைக் கொண்டு வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள் அகிமெல் ஓதம் மக்கள். அவர்கள் அச்சிகரத்தை இரும்பு மலை என்று பொருள்படும் ‘வைனோம் தோஅக்’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். பையெஸ்டேவாவின் பெயர் நிலைக்கட்டும். அதனருகே இப்பெயரும் அதிகாரப்பூர்வமாக இடம்பெற வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1993இல் ‘ஏயர்ஸ் ராக்’ என்ற பெரும்பாறையின் பெயரோடு அதன் பூர்வகுடிப் பெயரான ‘உலூரு’வையும் சேர்த்து இரட்டைப் பெயராக்கினார்கள், 2002இல் உலூருவை முன்னால் வைத்தார்கள். அரிசோனாவும் அதைச் செய்யலாம்.