துகில் கூத்து ராத்திரியில் ஒரு கேள்வி

சென்ற இதழில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் தீமிதியைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்த பிறகு, இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்க மனம் வரவில்லை. எல்லாமே அவளைப் பற்றியவைதான். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். ஆகவே எல்லார் பெயரையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: கல்யாணத்தில் அப்பா எனக்குப் போட்ட பதினெட்டுச் சவரனில் பதினொன்றை என் வீட்டுக்காரர் அடகு வைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோவைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்தது. தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டது என்கிறார். மாமியாரிடம் சொன்னால், "பாஞ்சாலி படாத பாட்டையா நீ பட்டுட்ட? அவ பொறுத்துக்கிட்டதாலதான் தெய்வமானா" என்கிறார். இந்த வருஷம் தீமிதிக்கக் காப்புக் கட்டப் போகிறேன். நானும் பொறுத்துத்தான் போக வேண்டுமா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் மாமியாரும் என்னைப் போலத் துகில் கூத்து, அதாவது சபையில் திரௌபதியின் துகிலுரியும் தெருக்கூத்து, பார்த்து வளர்ந்தவராகத்தான் இருப்பார். அவர் நினைவில் அழுகை தங்கியிருக்கிறது. என் நினைவில் தங்கியது வேறு.

சூதாட்டம் முடிந்ததும் துரியோதனன் நேராகத் துச்சாதனனை அனுப்பவில்லை. முதலில் ஒரு தேர்ப்பாகனைத்தான் அனுப்புகிறான். வா என்றதும் அவள் எழுந்து போய்விடவில்லை. அவனைத் திருப்பி அனுப்புகிறாள். "போய்க் கேட்டு வா. தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா?" தன்னைத் தோற்று அடிமையாகிவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதுதான் கேள்வி. சபையில் பதில் இல்லை. கூந்தலைப் பிடித்து இழுத்து வந்த பிறகும் அவள் அதையேதான் திரும்பக் கேட்கிறாள். தருமம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார் பீஷ்மர். அவ்வளவு பெரியவர்! துரியோதனன் தம்பிகளில் விகர்ணன் ஒருத்தன் மட்டும் எழுந்து, இவள் கேட்பது நியாயம் என்கிறான். அவனையும் கர்ணன் அடக்கிவிடுகிறான்.

கடைசியில் பயந்துபோன திருதராஷ்டிரன் வரம் கேள் என்கிறான். முதல் வரத்தில் தருமரை மீட்கிறாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும் ஆயுதங்களோடு மீட்கிறாள். மூன்றாவதும் கேள் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். பணயம் வைத்தவர்களை மீட்டவள் அவள். இதில் பொறுமை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்தது கூந்தல். நம் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூராருடைய பாரதத்தில், வெற்றி முரசு கொட்டும்போதுதான் விரித்த குழலை எடுத்து முடிப்பேன் என்கிறாள். புதுச்சேரியில் இருந்தபோது பாரதி எழுதிய பாஞ்சாலி சபதத்தில் அந்தக் குழலில் ரத்தம் பூசுவதும் சேர்கிறது. அந்த நூலின் முதல் பாகம் 1912-இல் வந்தது. நடந்தது நடந்துவிட்டது, தலையை வாரிக்கொள் என்று எவரும் அவளிடம் சொல்ல முடியாதபடி பதின்மூன்று வருஷம் அந்தக் கூந்தல் அப்படியே கிடந்தது.

என் அம்மா கதையைச் சொல்கிறேன். நான் ஏழாவது படித்தபோது அப்பா கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வாங்கினார். கரும்புக்குத் தண்ணீர் பற்றவில்லை, அவசரம். அம்மாவின் காசுமாலை அடகுக்கடைக்குப் போனது. அம்மாவுக்குத் தெரிந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஊரில் பாரதம் வைத்தார்கள். மத்தியானம் கோயில் பந்தலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. துகில் அன்று பாய் போட்டு முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, தாயே மன்னிச்சுக்கோ என்று விழுந்து கும்பிட்டார். அந்தத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையை அம்மா வெகுநேரம் எடுக்கவே இல்லை.

பதினெட்டாம் நாள் படுகளம். வயலில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்திருக்கும் சட்டியிலிருந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி, வாரி, முடிந்து, பூ வைப்பார்கள். கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், அதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கூந்தல் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அம்மா படுகளத்து மண்ணில் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார், குதிரில் போட. திண்ணையில் அப்பா இருந்தார். அவர் எதிரில் நின்று, "அந்த மாலை எங்கப்பா போட்டது. யாரக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் உள்ளே போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அப்பா, "கேக்கல. தப்புதான்" என்றார். மாலை திரும்பி வர இரண்டு கரும்பு வெட்டு ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு கன்றுக்குட்டியை விற்பதென்றாலும் அப்பா அடுப்படி வரை வந்து கேட்டுவிட்டுத்தான் விற்பார்.

இனி உங்கள் காரியம். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை சீதனம். அது உங்களுக்கு மட்டுமே சொந்தம். 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆபத்துக்குக் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று 2024-இலும் சொன்னது. சீதனத்தைப் பிடுங்கிக்கொள்வதும் பறிகொடுக்க வைப்பதும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறைக்குள் வரும். எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் அடகுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் கடை, எவ்வளவு பணம், மீட்கக் கெடு என்றைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும், அதுதான் இப்போது உடனே பார்க்க வேண்டியது. கல்யாண ஆல்பத்தில் நகை தெரிகிற படங்களையும் வாங்கிய ரசீதுகளையும் பிறந்த வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிறகு அவரிடம் நேராகக் கேளுங்கள், மாமியாரும் கேட்கும்படி. பதில் வராவிட்டால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காப்பைக் கட்டுங்கள். தீயை மிதியுங்கள். ஆனால் நெருப்பில் இறங்கும் துணிச்சல் உள்ளவள் வீட்டுக் கூடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

*

கேள்வி: மயன் கட்டிய மாளிகையில் வழுக்கி விழுந்த துரியோதனனைப் பார்த்துத் திரௌபதி சிரித்ததால்தானே பாரதப் போரே வந்தது? பெண் சிரித்தால் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்?
— வாசகர், வில்லியனூர்

பதில்: ஐயா, வியாசர் தம் வாயால் அந்தக் காட்சியைச் சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் மற்றத் தம்பிகளும் வேலைக்காரர்களும். திரௌபதி அங்கே இல்லவே இல்லை. துரியோதனன் ஊர் திரும்பித் தகப்பனிடம் முறையிடும்போதுதான் அவள் பெயர் சேர்கிறது. குருடன் மகன் குருடு என்று அவள் சொன்னதாக ஊரெல்லாம் சொல்கிறோமே, அதுவும் வியாசரில் கிடையாது. சூதாடியவர்கள் ஆண்கள், ஆட வைத்தவர்கள் ஆண்கள், பார்த்துக்கொண்டு இருந்தவர்களும் ஆண்கள். பழி மட்டும் இத்தனை காலமாக அவள் தலையில். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காவது மாற்றிச் சொல்லுங்கள்.

*

கேள்வி: நீங்கள் உருகி உருகி எழுதுகிறீர்கள். எங்கள் தெருப் பெண்கள் அந்தக் கோயில் வாசலோடு நிற்க வேண்டும். சாமி ஊர்வலமும் எங்கள் பக்கம் வராது. எனக்கு அவள் யார்?
— கல்லூரி மாணவி, பண்ருட்டி அருகே

பதில்: மகளே, உன் கடிதத்தைத்தான் அதிக தடவை படித்தேன். எங்கள் ஊரிலும் தேர் உங்களவர்கள் குடியிருக்கும் தெரு முனையில் திரும்பிவிடும். சிறு வயதில் தேருக்குப் பின்னாலேயே நடந்தவள் நான். ஏன் இங்கே திரும்புகிறது என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. அதை நினைக்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

1947-லேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், இதே திரௌபதி அம்மன் கோயிலில், பட்டியல் சாதியினரை உள்ளே விட மறுத்து, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆயிற்று. சபை நடுவே நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டவளைக் கும்பிடுகிறவர்கள் இன்னொரு பெண்ணை வாசலில் நிறுத்துகிறார்கள். இதை எந்தச் சம்பிரதாயத்தின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது. அவள் உனக்கு யார் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் நீ கேட்டிருப்பது அவள் கேட்ட மாதிரியான கேள்வி. பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற கேள்வி. அடுத்த வருஷம் எங்கள் ஊரில் பாரதம் வைக்கும் முன் கூடும் ஊர்க் கூட்டத்துக்குப் போய், தேர் ஏன் திரும்புகிறது என்று எழுந்து கேட்கப் போகிறேன். ஐம்பது வருஷம் தாமதம்தான். என்ன சொன்னார்கள் என்பதை இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

*

கேள்வி: ரீயூனியன் தீவில் இருக்கும் என் சித்தப்பா பேத்தி தீமிதி வீடியோ அனுப்பினாள். அங்கே சாமி பெயர் 'பாண்டியாலே' என்கிறாள். நம் அம்மன்தானா?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: நம் பாஞ்சாலியேதான். அந்த ஊர் நாக்கில் பெயர் அப்படித் தேய்ந்திருக்கிறது. 1848-இல் அங்கே அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போனார்கள். போனவர்களில் நம் தென்னார்க்காட்டுப் பெண்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள் இவளை மட்டும் விடவில்லை. நாடு நகரம் இழந்து காட்டுக்குப் போனவள் கதை அவர்களுக்குப் புதிதாகவா இருந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முறை வரும்போது ஒரு படுகளம் காட்டுங்கள்.

*

கேள்வி: காப்புக் கட்டிய மூன்றாம் நாளே வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். காப்பை அவிழ்த்துவிடு, மீறி மிதித்தால் கால் வெந்துவிடும் என்கிறாள் பாட்டி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்திவிடு என்கிறாள் அக்கா. தம்பிக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. அழுகையாக வருகிறது, மேடம்.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இந்தப் பெண்ணின் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சபைக்கு வா என்று துச்சாதனன் வந்து நின்றபோது திரௌபதி என்ன சொன்னாள் தெரியுமா? நான் மாதவிலக்காயிருக்கிறேன், ஒற்றைப் புடவையில் இருக்கிறேன், என்னை அங்கே அழைக்காதே என்றாள். வியாசரில் இருக்கிறது. பாரதியும் அதை விடாமல் எழுதியிருக்கிறார். அந்த நிலையில்தான் அவளை இழுத்துப் போனார்கள். அந்த நிலையில்தான் அவள் கை தூக்கிக் கூப்பிட்டாள், கண்ணன் புடவை கொடுத்தான். தூரம் என்று அவன் ஒதுங்கி நிற்கவில்லை. அந்த நாளின் வலியும் கூச்சமும் தெரிந்தவள் குண்டத்துக்கு எதிரே நிற்கிறாள், பெண்ணே. அவளா உன் காலைச் சுடுவாள்?

நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. முன்பு ரத்தக் கட்டு வந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. திருவிழாச் சமயத்தில் இதை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. விரதம் என்று வெறும் வயிற்றில் கிடக்கவும் வேண்டாம். ரத்தம் போகிற நாளில் கேழ்வரகுக் கூழாவது மோராவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கத்தோடு குண்டத்தில் இறங்கினால்தான் கால் தடுமாறும்.

பாட்டியிடம் சண்டை போடாதே, இந்தக் கதையை மட்டும் சொல்லு என்றேன். துகில் கூத்து எத்தனையோ பார்த்தவர்தானே, அவருக்குப் புரியும் என்றும் சொன்னேன்.

தீமிதி முடிந்த மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். மாத்திரை போடவில்லையாம். காப்பையும் அவிழ்க்கவில்லையாம். குண்டத்தைக் கடந்து பால் குழியில் கால் வைத்தபோது, அங்கே நின்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது பாட்டியாம்.