போன ஆற்றல் எங்கே போனது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறினால் எனக்கு வரும் கேள்விகளும் ஏறும். இந்த முறை பாதி கரண்ட் பில்லைப் பற்றியவை, மீதியில் பெரும்பகுதி அடுப்பையும் வண்டியையும் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஏசி வாங்கும் வசதி இல்லை. மதியம் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிராதா? (விருதுநகர்)

முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் ஜில்லென்று இருக்கும். அறை சூடாகத்தான் ஆகும். ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதன் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பார்த்தால் தெரியும். அள்ளுகிற வேலைக்குக் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அதோடு சேர்ந்துகொள்ளும். உள்ளிருந்து 200 வாட் அள்ள 100 வாட் செலவானால், பின்னால் கொட்டுவது 300 வாட். கதவு திறந்திருந்தால் அந்த 200 அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கூடுதலாக வந்த 100 உங்கள் தலையில். ஏசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது கொட்டும் இடம் வீட்டுக்கு வெளியே, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபேனும் அப்படித்தான். அது நம் வியர்வையை உலர்த்துகிறது, அறையைக் குளிர்விப்பதில்லை. ஆளில்லாத அறையில் ஓடும் 75 வாட் ஃபேன், 75 வாட் ஹீட்டர்.

குழம்பு கொதித்த பிறகும் பெரிய தீயிலேயே வைத்தால் சீக்கிரம் வேகும் என்கிறார் மாமியார். சிம்மில் வைத்தால் போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (தேனி)

மாமியார் மருமகள் விஷயத்தில் தலையிடக் கூடாதுதான். ஆனால் இதை நான் வீட்டில் செய்தே பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி இரண்டு பாத்திரம், ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் தண்ணீர், ஒரே அளவில் வெட்டிய உருளைக்கிழங்கு. இரண்டும் கொதித்ததும் ஒன்றைப் பெரிய தீயிலேயே விட்டேன், மற்றதைச் சிம்முக்கு இறக்கினேன். மூடி போடவில்லை. பத்து நிமிடம் கழித்து முள்கரண்டியால் குத்தினால் இரண்டும் ஒரே பதம். தராசில் வைத்தால்தான் வித்தியாசம்: பெரிய தீயில் இருந்ததில் 300 கிராமுக்கு மேல் தண்ணீரைக் காணோம், சிம்மில் இருந்ததில் 60 கிராம்கூடக் குறையவில்லை.

காரணம் எளிது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால், திறந்த பாத்திரத்தில் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீங்கள் எவ்வளவு தீ கொடுத்தாலும் அது ஆவியாக்கத்தான் செலவாகும், கிழங்குக்கு அந்த 100 டிகிரிதான் கிடைக்கும். ஆவியாக்குவதோ பெரிய செலவு. 1 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக 540 கிலோகலோரி வேண்டும். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வழிகிற நீர் எல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ்தான்.

குக்கர் ஜெயிப்பது இதனால்தான். ஆவியை அடைத்து வைப்பதால் அழுத்தம் ஏறுகிறது, கொதிநிலையும் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை போகிறது, பருப்பு கரைகிறது. விசில் என்பது மிஞ்சிய ஆவியை வெளியே தள்ளும் சத்தம். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நேரத்தைக் கணக்கிடுவதுதான் சரி. ஆறு விசில், எட்டு விசில் என்று எண்ணுவது அடுப்புக்குச் செய்யும் தர்மம்.

மாமியாருக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. குழம்பு சுண்ட வேண்டும் என்றால் தண்ணீர் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே பெரிய தீ நியாயம்.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று படிக்கிறோம். அப்புறம் ஏன் 'ஆற்றலைச் சேமிப்போம்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள்? (பத்தாம் வகுப்பு மாணவி, அரியலூர்)

இந்தக் கேள்விக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆற்றில் கரைத்த புளி என்று சொல்வோம் இல்லையா? புளி அழியவில்லை. ஒரு துளி குறையாமல் அந்த ஆற்றில்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து ரசம் வைக்க முடியாது. ஆற்றலும் அப்படித்தான். சிலிண்டரிலும் பேட்டரியிலும் அது கட்டியாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்த வெதுவெதுப்பாகக் காற்றிலும் சுவரிலும் பரவிவிடுகிறது. மொத்தக் கணக்கு குறையவில்லை, திரும்பக் கூட்டி அள்ளத்தான் வழியில்லை. நாம் சேமிப்பது கட்டிப் புளியை. கட்டுரையில் இதை எழுதுங்கள். ஆசிரியர் புளியை அடித்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் வைத்து மின்சாரம் எடுத்தால் என்ன? யூடியூபில் ஒருவர் வீட்டையே ஓட்டுகிறார். (திருப்பூர்)

கணக்குப் போட்டுவிடலாம். 1,000 லிட்டர் தொட்டி, 10 மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் முழுவதும் இறங்கினால் கிடைப்பது 98,000 ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கும். 1 யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் உங்கள் தொட்டியில் இருப்பது 0.027 யூனிட். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை 3 மணி நேரம் எரிக்கலாம். சின்ன டர்பைனின் இழப்பைக் கழித்தால் பாதி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதே தண்ணீரை மேலே ஏற்ற, சுமார் 1 கிலோவாட் இழுக்கும் மோட்டார் 20 நிமிடம் ஓடியிருந்தால் 0.33 யூனிட் போயிருக்கும். பன்னிரண்டு ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்குகிற வியாபாரம். அந்த ஒரு ரூபாயும் குழாயில் தண்ணீர் வரும் வேகத்தைக் குறைத்துத்தான் வரும்.

இதே யோசனை மலையில் பலிக்கிறது. கோவை மாவட்டத்தில் ஆனைமலையில் இருக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை எகிறும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் ஏற்றச் செலவானதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வருகிறது. ஆனாலும் காற்று அடிக்கும்போது மிஞ்சுகிற மின்சாரம் மாலை ஏழு மணிக்குக் கிடைக்கிறது என்றால், அந்த நஷ்டம் தாங்கக்கூடியது. உயரத்தில் சேமிக்கப் பெரிய உயரமும் ஏரியளவு தண்ணீரும் வேண்டும். மொட்டைமாடிக்கு அது கட்டாது.

அந்த யூடியூப் வீட்டில், கேமராவுக்குப் பின்னால் ஒரு வயர் போகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றி 'பெட்ரோலே இல்லாமல்' ஜெனரேட்டர் ஓட்டும் வீடியோ அனுப்பிய மற்ற ஐந்து பேருக்கும் இதுவே பதில்.

அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் செய்த வேலை பூஜ்யம் என்கிறது இயற்பியல். அந்த இயற்பியலை வந்து தூக்கச் சொல்லுங்கள். (காரைக்குடி)

கோபம் நியாயமானது. மூட்டை நகராததால் அதற்கு ஆற்றல் போய்ச் சேரவில்லை என்பதுதான் பாடத்தின் அர்த்தம். உங்கள் உடம்புக்குள் செலவு நடந்துகொண்டே இருக்கிறது. தசை என்பது மேஜை மாதிரி சும்மா நிற்பதில்லை. அதன் இழைகள் பிடிப்பதும் விடுவதுமாக ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கான எரிபொருள் எல்லாம் வெப்பமாகிறது, நீங்கள் வியர்க்கிறீர்கள். சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். கையில் தொங்கினால் தசை தாங்க வேண்டும், தலையில் இருந்தால் பெரும்பாலும் எலும்பே தாங்கிக்கொள்ளும். எலும்புக்குச் சம்பளம் கிடையாது.

ஃபோன் சார்ஜரை பிளக்கிலேயே விட்டால் கரண்ட் போகுமா?

போகும், மிகக் கொஞ்சமாக. இப்போதைய சார்ஜருக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு யூனிட் ஆனால் பெரிது. எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரிய, தொட்டுப் பாருங்கள். வேலையில்லாமலே வெதுவெதுப்பாக இருப்பதுதான் திருடன். பெரும்பாலும் அது செட்டாப் பாக்ஸ்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறான் நண்பன். எலெக்ட்ரிக் வண்டியென்றால் இறக்கத்தில் தானாக சார்ஜ் ஏறுமாமே? (கோயம்புத்தூர்)

முதலில் நண்பனை டிரைவர் சீட்டிலிருந்து இறக்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை இறக்கம் சுமார் 1,900 மீட்டர். 12 டன் பஸ் ஒன்று அந்த உயரத்திலிருந்து இறங்கினால் அது கழற்றிவிட வேண்டிய ஆற்றல் 62 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி எங்காவது வெப்பமாக வேண்டும். பிரேக்கையே மிதித்து வந்தால் அத்தனையும் பிரேக் டிரம்மில் இறங்கும். பர்லியாரில் பஸ் நிற்கும்போது சக்கரத்துப் பக்கம் ஒரு கருகல் வாசனை வருமே, அதுதான். அளவு மீறிச் சூடானால் லைனிங் பிடிப்பை இழக்கும், கார் போன்ற வண்டிகளில் பிரேக் ஆயில் கொதித்து மிதி தரைவரை போகும். அந்த நேரத்தில் டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது, அந்த வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் தள்ளிவிடத்தான். ரேடியேட்டரும் புகைக்குழாயும் அதை வெளியேற்றிவிடும். இன்னொரு விஷயம்: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அனேகமாக முழுக்க நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை உயிரோடு வைக்கப் பெட்ரோல் எரியும். நண்பனின் மிச்சக் கணக்கே தலைகீழ்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விஷயம் உண்மை. இரண்டு பேரோடு 250 கிலோ என்று வைத்தால் இந்த இறக்கத்தில் 1.3 யூனிட் இருக்கிறது, அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது, மோட்டார் பிடித்து நிறுத்துவது குறைந்துவிடும், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். கொஞ்சம் இடம் விட்டு இறங்குங்கள்.

கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் மட்டும் ஏசி வேலை செய்யாதது ஏன்?

வேலை செய்கிறது, நீங்கள் எல்லாம் வந்துவிட்டீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் ஹீட்டர். 500 பேர் என்றால் 50 கிலோவாட். ஆட்களின் சூட்டை மட்டும் அள்ளவே 14 டன் ஏசி வேண்டும். அப்புறம் ஹோமம், வீடியோ லைட்.

உடம்பும் ஒரு அடுப்பு என்ற எண்ணத்திலிருந்துதான் ஆற்றல் மாறாக் கோட்பாட்டின் ஒரு கிளையே முளைத்தது. 1840இல் டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவாவுக்குப் போன ராபர்ட் மேயர், மாலுமிகளின் சிரை ரத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடம்பு சூட்டுக்காகக் குறைவாக எரிக்கிறது, ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்தார். உழைப்பும் வெப்பமும் ஒரே கணக்கில் வர வேண்டும் என்ற இடத்துக்கு அந்த யோசனை அவரைக் கொண்டுபோனது. 1842இல் கட்டுரையாக வந்தது.

திருச்சி மலைக்கோட்டை ஏறி இறங்கினால் காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் கரைந்துவிடுமா? (ஸ்ரீரங்கம்)

உயரம் சுமார் 80 மீட்டர். 65 கிலோ எடையை அங்கே ஏற்ற 12 கிலோகலோரி போதும். நம் தசை வாங்குவதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் 50 என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு இட்லி. இறங்கும்போது அந்த உயரத்து ஆற்றல் திரும்ப இட்லியாவதில்லை. தொடைத் தசைகள் பிரேக் லைனிங் மாதிரி அதை வெப்பமாக்குகின்றன, கடைசிப் படியில் கால் நடுங்குவது அதனால்தான். பொடிக்கு ஒரு பெரிய கரண்டி நல்லெண்ணெய் விட்டிருந்தால் அதற்குத் தனியாக இன்னும் இரண்டு தடவை ஏறுங்கள்.